மோட்டார் அறைச் சாவி

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினொரு வருடமாக கம்ப்ரஸர் பார்க்கிறேன். நாலு மாதமாகத் தூக்கம் இல்லை. படுத்தால் காதுக்குள் அது ஓடுகிறது. சத்தமே இல்லாத இடத்தில் மூன்று நாள் இருந்து பாருங்கள் என்றார் டாக்டர். அதற்காகத்தான் பூந்தமல்லி தாண்டி இருக்கும் இந்தத் தியான இல்லத்துக்கு வந்தேன். மூன்று நாளும் மௌனம். போனை வாசலிலேயே துணிப்பையில் வாங்கிவிடுவார்கள். எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மாலை ஜெபம் முடிந்து ஃபாதர் திறப்பார்.

என் மனைவி ஹெலினா வாட்ச்மேன் பூபாலனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அண்ணா, இவர எந்த மெஷின் பக்கமும் விடாதீங்க. கழட்ட உக்காந்துருவாரு."

மதியம் கண் செருகும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மோட்டார் போட்டார்கள். பத்து நிமிடத்தில் சத்தம் லேசானது. தண்ணீரைத் தூக்கும் மோட்டார் கனமாக உறுமும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் சுமை போய்விடும், லேசாக ஓடும். கேட்கச் சுகமாகக்கூட இருக்கும். ஆனால் உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் வளையத்தைக் குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான். அது இல்லையென்றால் சீல் கருகும், தண்டு இறுகும், பிறகு மோட்டாரின் கம்பிச்சுருளே எரியும். ஒரு மணி நேரம் தாங்காது.

காதைப் பொத்திப் பார்த்தேன். முடியாமல் எழுந்து போனேன். மோட்டார் அறை பூட்டியிருந்தது. சீட்டு எழுதிப் போட்டேன். பெட்டி திறக்க நாலு மணி நேரம் இருந்தது. பூபாலனிடம் போய்ச் சைகை காட்டினேன். புரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"தண்ணி ஏறல. நிறுத்துங்கண்ணே."

"சார், போர்டு மாட்டிக்கீது பாரு. பேசக்கூடாது."

"சாவி குடுங்க, சுவிட்ச மட்டும் அணைக்கிறேன்."

"உங்க ஊட்டம்மா கரெக்டாத்தான் சொல்லிக்கினு போச்சு." அவர் சிரித்தார். "வந்து அரை நாளு ஆவல, அதுக்குள்ள டூட்டியா? டேங்க் ரொம்பினா நானே நிறுத்துவேன். போய்ப் படு சார்."

டேங்க் நிரம்பவே நிரம்பாது, ஏனென்றால் குழாயின் அடியில் இருக்கும் வால்வு கசிந்தால் காற்று புகுந்துவிடும் என்று விளக்க ஆரம்பித்தேன். குச்சியால் மண்ணில் குழாயை வரைந்தும் காட்டினேன். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தோளைப் பிடித்து என்னைக் கட்டில்வரை கொண்டுவந்து விட்டார்.

படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் கம்பிச்சுருளில் பூசிய வார்னிஷ் கருகிய வாடை வந்தது.

மாலையில் குழாய்களில் காற்றுதான் வந்தது. ஃபாதர் என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "மோட்டார் ரீவைண்டிங் ஆகி வர ரெண்டு நாள் ஆகுமாம். லாரித் தண்ணியும் இப்ப இல்லங்கிறாங்க. நாப்பது பேர வெச்சுச் சமாளிக்க முடியாது. மன்னிச்சுக்குங்க, எல்லாரும் வீட்டுக்குப் போய்ட்டு அடுத்த தியானத்துக்கு வாங்க."

பூபாலன் போனைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தம்மா சொன்னாங்கன்னுதான் சார்."

"தெரியும்ணே" என்றேன்.

அம்பத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் கார்த்திகேசன் ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். போன் கையில் இருக்கும்போதே எட்டாவது அழைப்பு வந்தது.

"அருள்தாஸ், லீவுன்னு தெரியும். மூணாம் நம்பர்ல ஒரு சத்தம். இத மட்டும் கேட்டுச் சொல்லுங்க." போனை கம்ப்ரஸர் பக்கம் நீட்டினார்.

கேட்டதுமே புரிந்தது, பெல்ட் தளர்ந்திருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பொய் எனக்கு வாயில் வரவில்லை. "பெல்ட இறுக்குங்க சார்" என்றேன்.