டூலனின் இரண்டாவது உதை

கல்கத்தாவில் ஒருவருக்கு மரியாதை செய்வதென்று முடிவாகிவிட்டால் அவர் தப்பிக்க வழியே கிடையாது. தோளில் ஒரு துண்டு, கையில் பூச்செண்டு, ஒரு பெட்டி சந்தேஷ் மிட்டாய், அப்புறம் கண்ணாடிச் சட்டம் போட்ட மானபத்திரம். அதை ஒரு வரி விடாமல் மைக்கில் வாசிப்பார்கள். பிறந்த நாள் முதல் நேற்றைக்கு வரை எல்லாம் அதில் வந்தாக வேண்டும். செத்தவருக்குக்கூட இவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை.

இந்த வருஷம் மாட்டியவர் கானர் டூலன். அயர்லாந்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற ரக்பி ஆட்டக்காரர். மைதான் ஓரத்துக் கிளப் ஒன்று தன் மழைக்கால ரக்பிப் போட்டிக்குச் சிறப்பு விருந்தாளியாக அவரை வரவழைத்திருந்தது.

விழாவன்று காலை பிரிட்டோ சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் கிளப்பில் தினக்கூலி. குனிந்தால் இடுப்பு நிமிர மறுக்கும். நிமிர்ந்தால் குனிய மறுக்கும். வருகிற கமிட்டிக் கூட்டத்தில் அவனை நிரந்தரமாக்கிவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்வதுதான். இந்த முறை காகிதத்தில் எழுதியும் வைத்திருந்தார்.

டூலன் தனியாக நடந்து வந்தார். ஆள் பீரோ மாதிரி. நாலு தடவை உடைந்த மூக்கு, எந்தப் பக்கம் திரும்புவது என்று இன்னும் முடிவு செய்யாமல் நின்றது. இடது காது வேகவைத்த காலிஃப்ளவர். புல்தரையை அமுக்கும் ரோலர் மேல் உட்கார்ந்து வலது முழங்காலை மெல்ல நீட்டினார். பிரிட்டோ மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தான். கிதர்ப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் கப்பல்காரர்களிடம் பொறுக்கிய ஆங்கிலம் அவனிடம் கொஞ்சம் இருந்தது. மிச்சத்தைக் கை பார்த்துக்கொண்டது.

"எத்தனை மாட்ச் சாஹேப்?"

"நாட்டுக்காக முப்பத்தொண்ணு. இருநூத்திப் பன்னிரண்டு பாயிண்ட். ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை. ஒரே ஒரு உதைதான் ஞாபகம்."

டூலன் மாட்டுப்பண்ணைக்காரர் மகன். இருபத்துமூன்று வயதில் நாட்டு அணி. இருபத்தெட்டில் அந்த மாட்ச். கடைசி நிமிடம், இரண்டு பாயிண்ட் பின்னால். கம்பத்துக்கு வலது பக்கம், நாற்பது மீட்டர் தூரத்தில் பந்து. இரண்டு கம்பத்துக்கும் நடுவில், குறுக்குக் கம்பிக்கு மேலே அனுப்பினால் மூன்று பாயிண்ட், ஜெயம். பந்து இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வருஷம் முழங்கால் போனது. மதுக்கடை வைத்தார். வந்தவர்கள் குடித்ததைவிட, அந்தப் பந்தை எப்படி உதைத்திருக்க வேண்டும் என்று விளக்கியதுதான் அதிகம். கடையை மூடிவிட்டு டிராக்டர் விற்கப் போனார். டிராக்டர் வாங்க வந்தவனும் அதையேதான் கேட்டான்.

"எங்க அம்மா செத்தப்போ பாதிரியார் என் தோளைத் தட்டி, 'கவலைப்படாதே, கடைசியில உன்னை மன்னிச்சுட்டாங்க'ன்னார். நான் சின்ன வயசுல திருடின காசுக்குன்னு நினைச்சேன்."

பிரிட்டோ சிரித்துவிட்டான். பிறகு பாதிரியார் சமாசாரமாயிற்றே என்று சிலுவை போட்டுக்கொண்டான்.

"இந்த ஊர்ல யாருக்கும் அது தெரியாது. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார் டூலன்.

பிரிட்டோ தன் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தான். அவன் சட்டைப் பையில் செயலாளர் கொடுத்த சீட்டு இருந்தது: வலது பக்கம், நாற்பது மீட்டர், பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

செயலாளர் சௌந்தரராஜன் வங்கி அதிகாரியாக ஓய்வுபெற்றவர்; பவானிபூரில் வீடு. கிளப் கூடாரத்துக்குள் மானபத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் குறி வேண்டாம் சார்."

"ஏன், சுண்ணாம்பு தீர்ந்துடுத்தா?"

"அந்த உதைக் கதை இந்த மானபத்திரத்துலயும் இருக்கா?"

"இல்லாம? நாலாவது பாரா முழுக்க அதான். தேதி, ஸ்கோர், எத்தனை பேர் அழுதான்னு எல்லாம் போட்டிருக்கேன். மூணு நாள் கம்ப்யூட்டர்ல தேடினேனாக்கும்."

"அதைக் கேக்கக் கூடாதுன்னுதான் சார் அந்த மனுசன் ஊரை விட்டே வந்திருக்காரு."

"அசடு. முப்பது வருஷக் குறையை நாம தீர்த்து வைக்கறோம். அதே தூரம், அதே மூலை. அவர் உதைப்பார், கல்கத்தா சரித்திரத்தை மாத்திடும்."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா? எந்திரிச்சு நிக்கவே ரோலரைப் பிடிக்காரு சார். மறுபடியும் கோணிச்சின்னா?"

"கமிட்டி கூடப்போறது பிரிட்டோ. வாயை வச்சுண்டு சும்மா இரு."

பிரிட்டோ வாயை வைத்துக்கொண்டு சும்மா போனான். நாற்பது மீட்டரில் முளைக்குச்சி அடித்து, குறியும் போட்டான். கூலிக்காரன் வேறென்ன செய்வான்?

நாலு மணிக்கு விழா. மூன்றே முக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் கொட்டிவிட்டுத் தூறலானது. ஐந்நூறு குடைகளுக்கு முன்னால் துண்டு போர்த்தினார்கள், சந்தேஷ் கொடுத்தார்கள், வாசித்தார்கள். நாலாவது பாரா வந்ததும் டூலன் முகம் சுண்ணாம்பாகிப் போனது. யாரோ பிடுங்கப் போவதுபோல சந்தேஷ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். இப்போது அந்த உதையை மறுபடி உதைக்கப் போகிறார் என்று மைக் அறிவித்தது. கூட்டம் கை தட்டியது. டூலன் வெளியே போகும் வழியைத் தேடினார். வழி முழுக்கக் குடை.

"பிரிட்டோ, மழையில குறி அழிஞ்சுடுத்து பார். திரும்பப் போடு" என்றார் சௌந்தரராஜன்.

பிரிட்டோ வாளியோடு நடந்தான். முளைக்குச்சி அங்கேயேதான் இருந்தது. அதைத் தாண்டினான். கம்பத்துக்கு நேர் எதிரே, பதினைந்து எட்டில் நின்று, ஒரு பெருக்கல் குறியைத் தாராளமாகக் கொட்டினான்.

"டேய், அங்க இல்லடா! கடன்காரா!" என்று சௌந்தரராஜன் அலறியது மைக்கில் மைதான் முழுக்கக் கேட்டது. அது ஐரிஷ் பாஷை என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

டூலன் குறியைப் பார்த்தார். பிரிட்டோவைப் பார்த்தார். சந்தேஷ் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பந்தை வைத்தார்.

நாலு எட்டு ஓடினார். ஐந்தாவது எட்டில் முழங்கால் கைவிட்டது, ஈரப்புல் வழுக்கியது. பந்து எழும்பவே இல்லை. சேற்றில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஓடி, இரண்டு கம்பத்துக்கும் நடுவில், குறுக்குக் கம்பிக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் போய் நின்றது. ரக்பியில் அதற்கு ஒரு டீகூடக் கிடைக்காது. பதினெட்டு வருஷமாக அந்தக் கம்பியைப் பூட்டுகிறவன் பிரிட்டோ. கண்ணை மூடிக்கொண்டான்.

"கோ...ல்!"

ஐந்நூறு தொண்டை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ரக்பி எவனுக்குத் தெரியும்? கம்பிக்குக் கீழே, கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் என்னவென்று கால்பந்துப் பைத்தியம் பிடித்த கல்கத்தாவில் பால்குடிக்கும் குழந்தைக்குத் தெரியும். குடைகள் பறந்தன. எங்கிருந்தோ ஒரு சங்கு ஊதியது. நனைந்த வேட்டியோடு ஒரு கிழவர் ஓடி வந்து, "கீ கோல் தாதா, கீ கோல்!" என்று வங்காளியில் 'அண்ணா' போட்டு மெச்சியபடி டூலனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். சௌந்தரராஜன் எல்லாவற்றையும் மறந்து நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். இறங்கியபிறகுதான் பிரிட்டோவின் ஞாபகம் வந்தது.

"கோல் விழுந்துடுத்து, பிழைச்சுப் போ" என்றார் மூச்சு வாங்க. "விழாம இருந்திருந்தா உன்னை இன்னிக்கே கேட்டுக்கு வெளியில நிறுத்தியிருப்பேன்."

டூலன் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். நேர்மையான ஆள். இது கணக்கில் வராது என்று சொல்லத்தான் போகிறார் என்று பிரிட்டோவுக்குப் பட்டது. தூக்கிய கைக்கு இன்னொரு ஆரவாரம் எழுந்தது. கையை அப்படியே காற்றில் ஆட்டினார். சிரிப்பு வந்துவிட்டது, வந்தது நிற்கவில்லை. சேறு ஒழுக, நொண்டிக்கொண்டு பிரிட்டோவிடம் வந்தார்.

"கம்பிக்கு மேலே போகலை."

"பார்த்தேன் சாஹேப்."

"எங்க ஊர்ல எவன்கிட்டயும் சொல்லிடாதே."

"உங்க ஊர்ல எனக்கு யாரையும் தெரியாதே" என்றான் பிரிட்டோ. அதற்குள் கூட்டம் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று.