வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர்

ரிஸ்பா அபோண்டியின் கனவில் முகங்கள் வருவதில்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. இறந்துபோன அக்கா அஜ்வாங் கனவில் வந்தபோது முதலில் புகையில் வாட்டிய மீன் வாசம் வந்ததாம். பிறகு ஈர மணலில் செருப்பு இழுபடும் சத்தம். அதற்கும் பிறகுதான் குரல்.

"என் பேரை எங்கடி வச்சிருக்கே?"

எங்கள் லுவோ இனத்து வீடுகளில் இதற்குமேல் பேச்சில்லை. இறந்தவர் கனவில் வந்து கேட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர்தான்.

ரிஸ்பா வீட்டில் மட்டும் பேச்சு இருந்தது. அவள் கணவருக்கு மொம்பாசா துறைமுகத்தில் வேலை. வீட்டை நடத்துவது அவருடைய அண்ணன் ஓவிட்டி. "கண்ணு தெரியாதவ நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்று கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த ஆள். அஜ்வாங் அவரை ஊர்த்தலைவர் முன்னால் நிறுத்தி, மரத்தடியில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்க வைத்தாள். அவள் பெயரைத் தினமும் தன் வாயால் கூப்பிட ஓவிட்டி சம்மதிப்பாரா?

இதையெல்லாம் ரிஸ்பா எனக்குச் சொன்னது ஏரியைப் பார்த்த எங்கள் அலுவலகத்தில், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே. பிறப்பு இறப்பு பதிகிற அரசு இணையதளம் எங்களுடையது. யாரோ கட்டிக் கொடுத்துவிட்டுப் போன அதைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி திருத்துவது என் வேலை. திருத்திய தளத்துக்கு வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மேடையில் உட்கார வைக்க எங்கள் மேலதிகாரி ஒகோலா சாருக்குப் பார்வையற்ற ஒருவர் தேவைப்பட்டார். பார்வையற்றோர் சங்கத்தில் கேட்டார், ரிஸ்பாவை அனுப்பினார்கள்.

அவள் வந்தது மேடைக்காக அல்ல.

"இவ பிறப்பைப் பதிய வெள்ளிக்கிழமைதான் கடைசி. தாண்டிட்டா தாமதப் பதிவு. வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேணும். எங்க வீட்ல பெரியவர் யாருன்னு தெரியும்ல?"

"பேரைச் சொல்லுங்கக்கா, நானே இப்ப அடிச்சு விட்டுடறேன்" என்றேன்.

"என் மூத்தவனுக்கும் இப்படித்தான் ஒரு நல்ல மனுஷன் அடிச்சு விட்டாரு. இன்டர்நெட் கடைக்காரர். நான் சொன்னது ஒரு பேரு, அவர் போட்டது பிரின்ஸ். ஓவிட்டி அண்ணன் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாராம். பிரின்ஸ்னு இருந்தா வெளிநாடு போவானாம். பையன் பள்ளிக்கூடம் போன அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். வாத்தியார் 'பிரின்ஸ் அம்மா'ன்னு கூப்பிடுறாரு, நான் வேற யாரையோன்னு சும்மா உக்காந்திருக்கேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரனைத் தேடிப்போய் அறையலாமா என்று இருந்தது.

"அதனால நீ அடிக்காத தங்கச்சி. வழியை மட்டும் சரி பண்ணு. நடக்கிறது நான்."

அவள் போன பிறகு என் கணினித் திரையை அணைத்தேன். காதொலிப்பானை மாட்டி, திரையை வாசிக்கும் குரலை ஓடவிட்டு, கண்ணை மூடினேன். பட்டன், என்றது குரல். பட்டன். படம். பெயரில்லாத பட்டன். எழுதும் கட்டம். எழுதும் கட்டம். இதில் எந்தக் கட்டம் குழந்தையுடையது, எது அம்மாவுடையது? குரலுக்கே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரியில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. காலையில் கரையோடு ஒட்டியிருந்த தீவு மதியம் நடு ஏரியில் நிற்கும். மூடிய கண்ணுக்குள் நான் அவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறேன், கால் வைக்கிற இடமெல்லாம் நழுவுகிறது. கரை எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்தக் குரல் தூக்கத்தில் பேசுகிறவள்போலச் சொல்கிறது: படம்.

கண்ணைத் திறந்தபோது மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன்.

மறுநாள் ரிஸ்பாவை வைத்துக்கொண்டே திருத்த ஆரம்பித்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது இன்னதென்று பெயர் வைத்தேன். பிறந்த தேதிக்கு இருந்த படக் காலண்டரைத் தூக்கிவிட்டுத் தட்டச்சு செய்ய விட்டேன். சிவப்பு நிறத்தில் மட்டும் மின்னிக்கொண்டிருந்த தவறுகளை எழுத்தில் சொல்ல வைத்தேன்.

"நேத்து உங்க வெப்சைட் குடிகாரன் வழி சொல்ற மாதிரி இருந்துச்சு" என்றாள் ரிஸ்பா. "இன்னைக்குக் கொஞ்சம் தெளிஞ்சிருக்கான். ஆனா கூட ஒருத்தி கத்துறாளே, அவ யாரு?"

அது ஒகோலா சாருடைய பட்டன். சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பட்டன், எங்கிருந்தோ வாங்கி ஒட்டியது. தொட்டால் இணையதளமே உரக்கப் பேசும். பார்வையற்றவர்களின் போன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் இரண்டு வாக்கியங்களைச் சொல்வார்கள். குழந்தையின் அம்மாவின் பெயர் பிறந்த இடத்தின் பெயர் ஊர்.

"சார், அதை எடுத்துடணும். அவங்க போனோட மோதுது."

"நைரோபிலேர்ந்து வர்ற அதிகாரி அதை அமுக்கித்தாம்மா தொடங்கி வைக்கிறார். அது பேசணும், எல்லாரும் கை தட்டணும்."

"ரிஸ்பாக்காவால பதிய முடியாது சார்."

"வெள்ளிக்கிழமை அவங்க சும்மா உக்காந்தா போதும்." பக்கத்து மேசையைப் பார்த்துக் கண்ணடித்தார். "பட்டம் பேசுது, கேட்டுக்கங்கப்பா."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பா லாரியில் மணல் ஏற்றுகிறவர். அது தெரிந்த நாளிலிருந்து அலுவலகத்தில் எனக்கு இந்தப் பெயர்தான். வெள்ளிக்கிழமை காலை புதிய தளத்தை ஏற்றும்போது நீலப் பட்டனை நீக்கிவிட்டு ஏற்றினேன்.

விழாப் பந்தலுக்குள் ஏரிக் காற்று வந்து துணியை ஊதி ஊதி இறக்கியது. வெளிச்சம் பச்சைத் தண்ணீர்போல எல்லார் மேலும் அசைந்தது. ரிஸ்பாவின் மடியில் குழந்தை தூங்கியது. முன்வரிசையில் ஓவிட்டி, டிவியில் வருவோமென்று இஸ்திரி போட்ட சட்டையோடு. அதிகாரி பெரிய திரையின் முன் நின்று பட்டனைத் தேடினார். ஒகோலா சார் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் வேலை பாதி போய்விட்டது.

ரிஸ்பா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காதொலிப்பானை மாட்டிக்கொண்டு தன் போனில் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தாள். போனின் திரையை அவள் எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள். கேமராக்காரர் குனிந்து பார்த்தார். கறுப்புக் கண்ணாடியில் பந்தலும் மேகமும்தான் தெரிந்தன.

"ஒண்ணும் தெரியலையே, மேடம்."

"எனக்கும்தான். ரெண்டு பேரும் ஒண்ணு, விடுங்க."

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "பேசும்னு சொன்னீங்களே, ஒகோலா?"

"பேசுது சார், அவங்க காதுல பேசுது" என்றார் ஒகோலா சார். அவசரமாகக் குனிந்து, நான் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டார். ஒலிவாங்கியைப் போனருகே பிடித்தார்.

ரிஸ்பாவின் விரல் நின்றது. எழுதியதையெல்லாம் ஒருமுறை வாசித்துக் காட்டும் இடம் அது. குழந்தையின் பெயரும் அதில் வரும். ஓவிட்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

குரல் வெளியே வந்தது. தகரக் கூரைமேல் மூட்டை சோளம் கவிழ்ந்தது மாதிரி. வார்த்தை இல்லை, இடைவெளி இல்லை, ஒரே சரசரப்பு. வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவள் வைத்துக்கொண்ட வேகம் அது. பந்தல் முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. இத்தனை பேருக்கு நடுவே அவள் அக்காவின் பெயர் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்கிறது, ஒருவருக்கும் பிடிபடவில்லை. எனக்கும் பிடிபடவில்லை. ரிஸ்பா மட்டும் தலையைச் சாய்த்து, பழைய ஆள் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"என்னய்யா இது, கெட்டுப்போச்சா?" என்றார் அதிகாரி.

ரிஸ்பா இரண்டுமுறை தட்டினாள். போன் ஒரு துளி சொட்டுவதுபோல ஒலித்தது.

"முடிஞ்சது சார். பதிவாயிடுச்சு."

ஓவிட்டி எழுந்தேவிட்டார். "ஏம்மா, என்ன சொல்லுச்சு அது? என்ன பேர் போட்டே?"

ஒலிவாங்கி இன்னும் அவள் முன்னால்தான் இருந்தது. குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. ரிஸ்பா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எழுந்துட்டியா, அஜ்வாங்?" என்றாள் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தும் எல்லாருக்கும் கேட்கும்படி.