முஸ்தபா மெருகேற்றிய வில்லைகள்

கோட்டைமேட்டில் முஸ்தபாவின் பாலிஷ் பட்டறைக்கு வருகிற பாத்திரம் எதுவானாலும் பளபளப்போடுதான் வெளியே போகும். அதில் மனிதருக்கு அசாத்தியக் கர்வம். அழுக்கோடு ஒரு சாமானை அடுத்தவர் கையில் கொடுப்பது அவருக்கு மானப் பிரச்சினை. ஓட்டைச் சொம்பைக்கூடத் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார்.

மகன் அஃப்தாப் 1991இல் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். இரண்டு வருடம் கழித்து ஒரு கவர் வந்தது. மேலே ஒட்டியிருந்த வெளிநாட்டுத் தபால்தலையை யாரோ புண்ணியவான் ஊர்ப்பெயர் இருந்த முத்திரையோடு கிழித்துக்கொண்டுவிட்டான். தபால்தலை சேர்க்கும் பைத்தியம் ஊருக்கே பிடித்திருந்த காலம் அது. உள்ளே நாலு வரி: கப்பலை விட்டு இறங்கி ஒரு சூதாட்ட விடுதியில் வேலை செய்கிறேன், காசுக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வில்லைகளில் பழசென்று தூக்கிப்போட்டதில் ஐந்து அனுப்புகிறேன், விலாசம் அடுத்த கடிதத்தில். அடுத்த கடிதம் வரவேயில்லை.

வில்லைகளின் நடுவே இருந்த தங்க எழுத்து உரிந்துபோயிருந்தது. தெருவில் இங்கிலீஷ் படித்த அத்தனை பேரும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். மனைவி ஹபீபுன்னிசா அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அப்படியே இரண்டு வருடம் போனது. அப்புறம்தான் பக்கத்துக் கடை ரசாக், ஆர்.எஸ்.புரத்தில் பிரவின்குமார் என்று ஒரு பேங்க் ஊழியர் இருப்பதாகச் சொன்னார். பழைய நாணயம், டோக்கன், வில்லை எல்லாம் சேர்ப்பவராம். பார்த்த மாத்திரத்தில் எந்தக் கம்பெனி செய்தது, எந்த ஊர் விடுதிக்குச் செய்தது என்று சொல்லிவிடுவாராம்.

முஸ்தபாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வில்லைகளை எடுத்துப் பார்த்தார். ஒரே பிசுக்கு. ஓரத்துப் பள்ளமெல்லாம் கறுத்துக் கிடந்தது. இதையா ஒரு படித்த மனுசர் கையில் கொடுப்பது? மோட்டாரைப் போட்டார். துணிச்சக்கரத்தில் ஒவ்வொன்றையும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் பக்குவமாகக் காட்டி எடுத்தார்.

ஆர்.எஸ்.புரத்து வீட்டில் பிரவின்குமார் முதல் வில்லையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க பாய், இதை என்ன பண்ணுனீங்க?"

"பாலிஷ் போட்டேனுங்க. நல்லா இருக்குதுங்களா?"

பிரவின்குமார் ஐந்தையும் விளக்குக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தராசில் வைத்தார். பெருமூச்சு விட்டார்.

"களிமண் கலந்து அழுத்துனதுங்க. பழைய சரக்குத்தான். ஆனா ஓரத்துல சுத்தி ஒரு சித்திரம் இருந்திருக்கோணும். ஒவ்வொரு கம்பெனி அச்சுக்கும் ஒரு சித்திரம், அதை வெச்சுத்தான் செஞ்சது யாருன்னு புடிக்கிறது. நடுவுல தங்கம் உரிஞ்சாலும் எழுத்து அழுந்துன தடம் இருக்கும்ங்க. சாய்ச்சு வெளிச்சம் காட்டுனா படிச்சரலாம். இப்ப ரெண்டுமே இல்லீங்களே."

"அஞ்சுலயும் இல்லீங்களா?"

"அஞ்சையும் வழிச்சுப்போட்டீங்களே பாய். ஓரத்துல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா? பூவா, சாவியா, தொப்பியா?"

முஸ்தபா கண்ணை மூடி யோசித்தார்.

"அழுக்குத்தானுங்க ஞாபகம் இருக்குது" என்றார்.

டவுன் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். தன் கைமீதே அவருக்கு வெறுப்பு வந்தது.

ஹபீபுன்னிசா வாசலிலேயே நின்றாள். ரசாக்கிடம் சொல்லி மகனுக்குக் கடிதம் எழுதவைத்து, ஊர் மட்டும் பாக்கியாகக் கவரில் அவன் பெயரும் போட்டு வைத்திருந்தாள்.

"எந்த ஊருன்னு சொன்னாருங்க?"

அவர் மறைக்கவில்லை. சக்கரத்தில் காட்டியதையும், பிரவின்குமார் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "நாந்தான் அழிச்சுப்போட்டேன் ஹபீபு" என்றார்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் ஒரு வில்லையை வாங்கி, வழுவழுவென்றிருந்த அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அழுக்கு அழுக்குன்னீங்களே" என்றாள். "அதுல எம்புள்ள கை அழுக்கும் இருந்திருக்குமில்லீங்க?"