வியாழக்கிழமைக் கூடை

பதிப்பாளர் ரமிஸ் கைப்பிரதியை மேஜைமேல் போட்ட விதத்திலேயே அது தேறவில்லை என்று இப்திஹாலுக்குத் தெரிந்துவிட்டது. அலெக்ஸாந்திரியா டிராமில் போகும் பெண்களின் கைப்பையைத் துழாவினால் அவள் எழுதிய காதல் நாவல் ஒன்றாவது கையில் தட்டுப்படும். அப்படிப்பட்டவள் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நாயகன் ஜெயிலுக்குப் போனவன்னு முதல் பக்கத்துலயே சொல்லிட்டே. இன்னும் அவனை யாருக்கும் பிடிக்கவே இல்லையே, அதுக்குள்ள எதுக்கு அவசரம்?" என்றார் ரமிஸ். "முதல்ல அவன் செய்யறதைக் காட்டு. விசித்திரமா ஏதாவது செய்யட்டும். ஏன் இப்படிச் செய்யறான்னு படிக்கிறவ தவிக்கணும். அவளே கேட்ட பிறகு பழசைச் சொல்லு. அதே ஜெயிலுக்கு உக்காந்து அழுவா."

இப்திஹால் தலையாட்டினாள். ஆனால் நினைப்பெல்லாம் நாவலில் இல்லை. அவள் தம்பி முஹாபும் சிறைக்குப் போய் வந்தவன்தான்.

அவனுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் முறிந்திருந்தன. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தெருவுக்கு வந்து விசாரிக்காமல் விடமாட்டார்கள். வாயிற்காவலன், மளிகைக்கடைக்காரன், இஸ்திரிக்காரன் என்று ஒருவரும் பாக்கியில்லை. இந்தத் தெருக்காரர்களுக்கோ அதைவிட இனிப்பான வேலை கிடையாது. 'நல்ல பையன்தான்' என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த வாக்கியம் சிறை. அதற்குப் பிறகு யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

மூன்றாவதாக வந்தவள் ரத்வா. மருந்துக்கடையில் வேலை செய்பவள். முஹாப் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான், அவளும் சரியென்றிருந்தாள். ஆனால் அவளுக்குத் தகப்பன் இல்லை. மக்கா போய் வந்த சித்தப்பா ஹாஜ் பதாவியின் வார்த்தைதான் முடிவு, அதை மீற மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சித்தப்பா திங்கட்கிழமை விசாரிக்க வருகிறார் என்றதும் முஹாபுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் தம்பி இனி யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்று இப்திஹால் பயந்தாள். அந்தப் பயம் அவளைப் போட்டு வாட்டியது.

திங்கட்கிழமை காலையிலேயே கட்டட வாசலில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, புதினா டீயோடு காத்திருந்தாள். ஹாஜ் பதாவி வந்ததும் மடக்கிவிட்டாள்.

"கூடப்பிறந்த அக்கா நீ, தம்பியைத் திட்டவா போறே? நான் இஸ்திரிக்காரனைப் பாக்க வந்தேம்மா," என்றார் அவர்.

"இஸ்திரிக்காரர் எங்கேயும் ஓடிடமாட்டார், ஹாஜ். டீதான் ஆறிடும்."

உட்கார்ந்தார். இப்திஹால் ரமிஸை மனதில் நினைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"வியாழக்கிழமை ஆனா என் தம்பி சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குவான். வீட்டுக்கு இல்ல. கர்மூஸ்ல ஒரு மாடிக்குக் கீழே போய் நிப்பான். மேலேர்ந்து கயித்துல ஒரு கூடை இறங்கும். காயை வெச்சுட்டுத் திரும்பிடுவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டான்."

"யார் வீடு அது?"

"முதல்ல பல மாசம் கூடையே இறங்கல, ஹாஜ். பையோட நின்னு பாத்துட்டுத் திரும்பிடுவான். மறு வியாழன் மறுபடியும் போவான்."

"யார் வீடும்மா? எதுக்காகப் போறான்?"

கேள்வி வந்துவிட்டது. இப்திஹால் சொன்னாள். அவன் மைக்ரோபஸ் ஓட்டியதை, மழை பெய்த ஒரு காலையில் ஷாதி என்ற கல்லூரி மாணவன் குறுக்கே ஓடி வந்து அடிபட்டுச் செத்ததை, அந்த மாடியில் இருக்கும் விதவைக்கு அவன் ஒரே பிள்ளை என்பதை, தப்பு என்னுடையது என்று முஹாப் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டு சிறைக்குப் போனதை. ஹாஜ் பதாவி சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தத் தெரு?" என்று கேட்டார்.

இங்கேதான் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். 'வெளியே மூச்சு விடாதேக்கா' என்று முஹாப் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அந்த அம்மாவின் கொழுந்தன்கள் கீழ்வீட்டிலேயே இருக்கிறார்கள். அவனைக் காய்கறிக்கடை ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையைக் கொன்றவன் கையால் வாங்கித் தின்கிறாள் என்று தெரிந்தால் அவளை என்ன செய்வார்களோ. எல்லாம் இப்திஹாலுக்குத் தெரியும். ஆனால் பெயரில்லாத தெருவை யாரும் நம்பமாட்டார்கள் என்பதும் அவள் தொழிலில் கற்றது. தெருவின் பெயரைச் சொன்னாள். நீல ஜன்னல் என்றும் சேர்த்துக்கொண்டாள். விசாரிப்பதற்கென்றே வந்த மனுஷனுக்கு விலாசத்தைக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக டீ கிளாஸைக் கழுவப் போனாள் அந்தக் கெட்டிக்காரி.

புதன்கிழமை ஹாஜ் பதாவி போன் செய்தார்.

"கர்மூஸ் போயிருந்தேன். கீழ்வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் என்னோடவே மாடிக்கு ஏறி வந்தாங்க. அந்தம்மாகிட்டக் கேட்டேன். அப்படி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, இங்கே யாரும் வர்றதில்லன்னு சொல்லிட்டாங்க."

"ஹாஜ், அவங்க கொழுந்தனுங்க நின்னதாலதான்..."

"போதும்மா. என் வீட்டுக்காரி உன் புத்தகத்தைப் படிச்சு அழுவா, நான் கேலி பண்ணுவேன். என்னையே அழவெச்சுட்டே பாரு. ஜெயிலுக்குப் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். கதை கட்டுற வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டேன்."

"அல்லா மேல ஆணையா அத்தனையும் நிஜம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஹாஜ்."

போன் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

சித்தப்பா சம்மதிக்கவில்லை என்று ரத்வா வியாழன் காலை முஹாபிடம் சொல்லிவிட்டாள். அவன் அழவில்லை. முகம் கழுவிக்கொண்டு வழக்கம்போல் சந்தைக்குக் கிளம்பினான். போகாதே என்று சொல்ல இப்திஹாலுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்றாள்.

மாலையில் வந்தான். பை அப்படியே கையில் தொங்கியது. உள்ளே தக்காளியும் வெண்டைக்காயும்.

"கூடை இறங்கல," என்றான். "ஜன்னலும் சாத்திக் கிடக்கு. கீழே அவங்க கொழுந்தன் நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். யாரோ ஒரு ஹாஜ் வந்து கேட்டாராம், பக்கத்துக் கடைல சொன்னாங்க. அவருக்கு அந்தத் தெரு எப்படித் தெரிஞ்சுதுக்கா?"

இப்திஹால் அவன் கையிலிருந்த பையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான்தான்டா சொன்னேன். உனக்கு ரத்வா கிடைக்கணும்னுதான்."

முஹாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ரத்வாவுக்கு வேற நல்லவன் வருவான், அக்கா. எனக்கு அந்தக் கயிறு ஒண்ணுதான் இருந்துச்சு."

பிறகு எழுந்துபோய் காய்களைச் சமையலறையில் வைத்தான். அன்று அந்த வீட்டில் யாரும் அவற்றைத் தொடவில்லை.