கமலா பெயரில் வந்த தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னால் யாருக்குத்தான் முகம் மலரும்? கமலாவுக்கு மலர்ந்தது. நைனார்பாளையத்தில் முதல் பேருந்தைப் பிடித்து வந்து, கள்ளக்குறிச்சி கடைவீதியில் முகம்மது கவுஸ் இரும்புக்கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறும்போது அவள் மனசில் ஒரே நினைப்புதான். இன்றைக்குக் கணினியில் சோதனை எல்லாம் பச்சையாக வந்துவிட வேண்டும். நாளைக்கு மலைமேல் கரியாலூரில் அதிகாரிகள் முன்னால் வெள்ள எச்சரிக்கைக் கருவி நல்லபடியாக ஓடிவிட வேண்டும். ஓடிவிட்டால் வேலை நிரந்தரம் என்று மஜீத் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் கூலி வேலைக்குப் போகிற அவள் அம்மா இருசம்மாள், மகளுக்கு வேலை நிரந்தரமே ஆகிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். அதை நினைத்தால்தான் கமலாவுக்குப் பயமாக இருந்தது.

மஜீத், கடைக்காரர் கவுஸின் தம்பி. கணினி படித்து, சென்னையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, அண்ணன் கடை மாடியிலேயே ஒரு சின்ன கம்பெனி போட்டிருந்தார். இப்போது கையில் இருந்தது அருவி வேலை. கல்வராயன் மலையில் மேலே மழை கொட்டினால் கீழே அருவியில் குளிக்கிறவனுக்குத் தெரியாது. அவன் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் அருவிக்கு வெகுதூரம் மேலே, ஓடைமேல் இருக்கும் சின்னப் பாலத்தில் ஓர் அளவுமானியைக் கட்டுவது. தண்ணீர் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அது செல்போன் மாதிரி தகவல் அனுப்பும். அருவிக்கரையில் சங்கு ஊதும். அளவுமானியை எடுத்துக்கொண்டு அமீர் என்கிற பையன் வெள்ளிக்கிழமையே மலையேறிவிட்டான். அதைக் கட்டுவது, சங்கு வைப்பது எல்லாம் நாளை திங்கட்கிழமை, அதிகாரிகள் கண்முன்னால்.

அதற்குள் மென்பொருளைச் சோதித்து முடிக்க வேண்டும். அதற்கென்று எழுதி வைத்த டெஸ்டுகள் தாமாகவே வரிசையாக ஓடும். ஒவ்வொரு டெஸ்டும் பொய்யாக ஒரு தண்ணீர் அளவைக் கொடுத்து, மென்பொருள் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஓடும்போது மென்பொருள் என்ன புலம்பினாலும் திரைக்கு வராது. டெஸ்டுகளை ஓட்டும் நிரல் அதையெல்லாம் பிடித்து மூட்டை கட்டி வைத்துக்கொள்ளும். டெஸ்ட் பாஸானால் மூட்டையைப் பிரிக்காமலே தூக்கி எறிந்துவிடும். ஃபெயிலானால் மட்டும் பிரித்துக் கொட்டும், அந்த டெஸ்டின் பெயரைத் தலைப்பில் லேபிளாக ஒட்டி.

அந்தப் பெயர் விஷயத்தில் மஜீத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கீழே கடையில் எந்தப் பார்சலைக் கட்டினாலும் கட்டியவன் தன் பெயரைச் சாக்கட்டியால் எழுத வேண்டும். ஆணி குறைந்தது, கம்பி வளைந்தது என்று புகார் வந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதையே மஜீத் மாடிக்கும் கொண்டுவந்துவிட்டார். டெஸ்டை யார் எழுதினார்களோ அவர் பெயரில்தான் டெஸ்ட் தொடங்க வேண்டும். எந்தப் பெயரின் கீழ் புலம்பல் வருகிறதோ அந்த ஆள் தொலைந்தார்.

காலையில் முதல் ஓட்டத்தில் எல்லாம் பச்சை. கமலா நிம்மதியாகக் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். மறுபடி ஓட்டினாள். ஒன்று சிவப்பு. 'கமலா_தண்ணீர்_கம்மி'.

அவளுக்கு நம்ப முடியவில்லை. இருக்கிறதிலேயே எளிய டெஸ்ட் அது. தண்ணீர் இருபது சென்டிமீட்டர்தான் என்று சொல்லிவிட்டு, சங்கு ஊதாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான். ஆனால் அவள் பெயருக்குக் கீழே கொட்டிக் கிடந்தது:

தண்ணீர் 20. அமைதி.
தண்ணீர் 43. சங்கு.

இருபது அவள் கொடுத்தது. நாற்பத்து மூன்று எங்கிருந்து வந்தது? தொட்ட கையை எடுக்காமல் மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை இருபதுக்குக் கீழே நாற்பத்தேழு. தப்பு என்றாலும் ஒரே தப்பாக இருக்க வேண்டாமா? அது நின்ற இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் மனுஷி எங்கே போய்ப் பிடிப்பாள்?

பக்கத்து நாற்காலியில் மெகருன்னிசா. அந்தக் கம்பெனியில் மஜீத்துக்கு அடுத்தபடி அவள்தான். எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா கமலா, காலைல நல்லாத்தான இருந்துச்சு? இன்னா பண்ண?"

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா. டீ குடிக்கத்தான் போனேன்."

"அப்ப நீ டீ குடிக்கிற நேரத்துல பேய் வந்து எழுதிட்டுப் போச்சா? நல்லாப் பாரு. எங்கியாவது தப்பா ஒரு நம்பர் போட்டிருப்ப."

கமலா பார்த்தாள். இருபதை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டாள். கீழே ஐந்தும் வந்தது, ஐம்பத்திரண்டும் வந்தது. அந்த ஐம்பத்திரண்டை நிரல் முழுவதும் தேடினாள். ஒரு வரியிலும் இல்லை. கணினியை அணைத்துப் போட்டாள். தன் டெஸ்டையே அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத்தெழுத்தாகத் தட்டினாள். இப்போது ஐம்பத்தைந்து. நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் நாமே எதையாவது எழுதித் தொலைத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம்தான் ரொம்பக் கொடுமையாக இருந்தது. அடுத்தவர் நம்பாவிட்டால் போகட்டும். தன்னையே தான் நம்பவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மஜீத் வந்தார். திரையைப் பார்த்தார். முகம் இறுகிப்போனது.

"இன்னாம்மா இது? நாளைக்கு மலைக்கு ஏறணும், இன்னைக்கு செவப்பு காட்டுற."

"சார், இது என்னுது இல்ல சார். நான் இருபதுதான் குடுத்தேன்."

"மேல யாரு பேரு போட்டுக்குது?"

"என் பேருதான் சார். ஆனா..."

"அப்புறம் இன்னா ஆனா?"

கமலா தலையைக் குனிந்தாள். கண்ணில் நீர் முட்டியது. மஜீத் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் நாளை என்கிற ஒரு நாள் அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"சரி, அழுவாத. அந்த டெஸ்டயே தூக்கிடு. மத்ததெல்லாம் பச்சையா இருக்குது இல்ல, அது போதும். உன் விஷயம் அப்புறம் பேசிக்கலாம்."

உன் விஷயம் என்றால் என்ன விஷயம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? டெஸ்டை அழிக்கக் கையை வைத்தாள். மனசு கேட்கவில்லை. இவ்வளவு பேச்சு வாங்கியாகிவிட்டது, போகிற போக்கில் அது எங்கிருந்துதான் வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றியது. மூட்டை கட்டும் வேலையை நிறுத்தி வைத்தாள். பாஸோ ஃபெயிலோ, புலம்பல் எல்லாம் அப்படியே திரைக்கு வரட்டும் என்று ஓட்டினாள்.

வந்தது. மெகருன்னிசாவின் டெஸ்டுக்கு நடுவில் தண்ணீர் 58. அமீர் எழுதி வைத்துவிட்டுப் போனதற்கு நடுவில் தண்ணீர் 58. மஜீத் தானே எழுதிய ஒன்றிலும் தண்ணீர் 59.

"அக்கா, இங்க வாங்களேன். எல்லார் பேர்லயும் வருதுக்கா."

மெகருன்னிசா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பு போய்விட்டது. அவர்களுடைய டெஸ்டுகள் எல்லாம், வெள்ளம் வந்தால் சங்கு ஊதுகிறதா என்று பார்ப்பவை. சங்கு ஊதியது, பாஸாகிவிட்டன, மூட்டை குப்பைக்குப் போய்விட்டது. சங்கு ஊதக் கூடாது என்று சொன்னது கமலாவின் டெஸ்ட் ஒன்றுதான். அதனால் அது மட்டும் மாட்டிக்கொண்டது. கமலா டீ குடித்துவிட்டு வந்ததிலிருந்தே எல்லார் மூட்டையிலும் தண்ணீர் இருந்திருக்கிறது. பிரித்தது ஒன்றே ஒன்று.

"அப்ப யாரு குடுக்கறா இத?" என்றாள் மெகருன்னிசா.

கமலாவின் கண் மேசை மேலிருந்த பெட்டிக்குப் போனது. தகவல் வாங்கும் பெட்டி அது. மலையிலிருந்து வரப்போகும் நிஜ அளவும் அதற்குத்தான் வர வேண்டும், டெஸ்ட் கொடுக்கும் பொய் அளவும் அதற்குள்தான் போகும். இரண்டு பெட்டி வாங்கலாம் என்று மெகருன்னிசா அப்போதே சொன்னாள். "கீழ ஒரே தராசுலதான் ஆணியும் நிறுக்கறோம், கம்பியும் நிறுக்கறோம். இதுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?" என்று மஜீத் அவள் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது எந்த டெஸ்டும் ஓடவில்லை. பெட்டிக்குப் பொய் அளவு போகும் ஒயரை மட்டும் கமலா பிடுங்கினாள். மஜீத்தும் வந்து சேர்ந்துகொள்ள, மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். பெட்டியின் விளக்கு தானாகவே மினுக்கியது.

தண்ணீர் 61. சங்கு.

யார் பெயரும் இல்லாமல் வந்தது அது.

"அளவுமானி பேசுது சார்," என்றாள் கமலா.

"எப்படிப் பேசும்? நாளைக்குத்தான கட்டணும்? பையன் ரூம்ல பையில வெச்சிருப்பான்."

"பையில இருந்தா தண்ணி எப்படி சார் ஏறும்?"

"தண்ணி டிரம்முல போட்டு வெளையாடிக்கினு இருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான்."

அதுவும் நடக்கக்கூடியதே. டிரம்மில் தண்ணீர் ஊற்றினாலும் அளவு ஏறத்தான் ஏறும். மெகருன்னிசா அமீருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறான் என்று போன் சொன்னது. கமலா ஜன்னலுக்கு ஓடினாள். கடைவீதியில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. மேற்கே மலை தெரிய வேண்டிய இடத்தில் மலையே இல்லை, கருப்பாக ஒரு மூட்டம் மட்டும் இருந்தது. மழையா, வெறும் மேகமா, இங்கிருந்து யார் கண்டது?

"அருவிக்குச் சொல்லிடலாம் சார்."

மஜீத் தலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஜனம் ஜாஸ்தியா இருக்கும். அத்தினி பேரையும் கரையேத்தி, ஒரு சொட்டுக்கூட வரலன்னா நாளைக்கு அந்த அதிகாரிங்க நம்மள உள்ளயே வுடமாட்டாங்க. அமீர் கெடைக்கட்டும். கொஞ்சம் பொறு."

பொறுக்கலாம்தான். அவளுக்கும் ஒன்றும் உறுதியாகத் தெரியாது. காலையிலிருந்து தெரிந்ததாக நினைத்தது எல்லாமே தப்பாகிப் போயிருந்தது. இதுவும் தப்பாகிவிட்டால் வேலை நிரந்தரம் என்ற பேச்சு இல்லை, வேலையே இல்லை. பெட்டி மறுபடி மினுக்கியது. தண்ணீர் 64. அருவி நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கும் பொன்னுரங்கத்தின் எண், நாளைய வேலைக்காகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. கமலா போனை எடுத்தாள். மஜீத் பார்த்தார், தடுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"அண்ணே, கள்ளக்குறிச்சிலேந்து பேசறேன். சங்கு வெக்கப்போற கம்பெனி. மேல பாலத்துகிட்ட தண்ணி ஏறுதுண்ணே. எல்லாரையும் உடனே கரையேத்துங்க."

"இன்னாம்மா சொல்ற? இங்க வெயில் கொளுத்துது. தண்ணி முட்டிக்குக் கீழதான் ஓடுது."

"இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க தண்ணி வந்துரும்ண்ணே."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கலண்ணே. பெட்டில வருது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "தோ பாரும்மா. கொழந்த குட்டியோட வந்து குளிச்சிக்கினு இருக்காங்க. நான் விசில் ஊதி ஏத்தி, தண்ணி வரலன்னா என்னத்தான் அடிப்பாங்க. யாரு சொன்னான்னு கேப்பாங்க. நான் யாரு பேரச் சொல்றது?"

கமலா மஜீத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கமலான்னு சொல்லுங்க. நைனார்பாளையம் இருசம்மா பொண்ணு கமலா. எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறேன். நீங்க ஊதுங்கண்ணே."

விசில் சத்தம் காதைக் கிழித்தது. போனை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருந்தது. சத்தமெல்லாம் துணிக்குள்ளிருந்து வந்தது. ஏன், எதுக்கு, காசு குடுத்துத்தான வந்தோம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். "யாரோ கமலாவாம்!" என்று ஒருவன் கூவினான். "யாருடா அவ?" என்றான் இன்னொருவன். அதற்கு மேல் அவர்கள் சொன்னதை எழுத முடியாது. கமலா அத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். தண்ணீர் வரவில்லை. வராமலே போய்விடுமோ என்று பயந்தாள். வந்துவிடுமோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

"அமீர் எடுத்துட்டான்!" மெகருன்னிசா கத்தினாள். ஒலிபெருக்கியில் போட்டாள். அவன் குரல் மழை இரைச்சலுக்கு நடுவில் சந்தோஷமாக வந்தது.

"அக்கா, இங்க செம மழ. அளவுமானிய நேத்தே கட்டிட்டேன். பாலத்துப் பக்கம் போற ஜீப் ஒண்ணு கெடச்சுது, நாளைக்குக் கெடைக்குமோ கெடைக்காதோன்னு... மஜீத் பாய்கிட்ட நாளைக்கு சொல்லி அசத்தலாம்னு இருந்தேன். எதுனா சிக்னல் வருதா?"

மஜீத் பாய்ந்து கமலாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"அலோ! அலோ! நான் மஜீத் பேசறேன், கம்பெனி ஓனர்! எல்லாரையும் ஏத்துங்க, ஒருத்தரும் உள்ள இருக்கக்கூடாது!"

பொன்னுரங்கம் மூச்சிரைக்கப் பேசினார். "யாரு சார் நீங்க? உங்களையெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கமலா சொல்லித்தான் ஏத்திக்கினு இருக்கேன். இன்னும் நாலு பேரு பாறை மேல கீறாங்க. அந்தப் பொண்ணுகிட்டயே போனக் குடுங்க."

மஜீத் போனைத் திருப்பிக் கொடுத்தார். கமலா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்த நாலு பேரு?"

"எறங்கறாங்க. திட்டிக்கினேதான் எறங்கறாங்க. இரு, இரு..."

அந்தப் பக்கம் திட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது. எங்கோ தூரத்தில் லாரி வருவது போல ஓர் இரைச்சல். அது பெருத்துப் பெருத்து, மனிதக் குரல் ஒன்றும் கேட்காதபடி போனை நிரப்பியது. கமலா கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, அந்த இரைச்சலையும் மீறிப் பொன்னுரங்கம் கத்தினார்.

"வந்துட்டுதும்மா! செம்மண்ணா வருது, மரமெல்லாம் வருது! எல்லாரும் மேலதான் இருக்காங்க. கடைசியா ஏறினவன் என் பக்கத்துலதான் நிக்கறான். நீ யாருன்னு கேக்கறான். இன்னாம்மா சொல்லட்டும்?"

கமலாவுக்கு அழுகைதான் வந்தது.