மழைக்கு வழிவிட்ட மண்டபம்

மார்கழி விடியலில் பஜனை மண்டபத்து விளக்குகளை ஏற்றிவிட்டுத் திரிபுரசுந்தரி முதற்பாட்டைத் தொடங்கினாள். மாதம் மும்மாரி பொழிய வேண்டி எழுந்த அவள் குரலைப் பெண்கள் பின்தொடர்ந்தனர். தெலுங்கு நாட்டு லோத்குண்டாவில் பாதுகாப்புத் துறை ஊழியம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடி எழுப்பிய மண்டபம் அது. அருகே வறண்டு கிடந்த ஓடையையும் உள்ளடக்கி வளைத்த மதில், சங்கச் செயலாளரான அவளுக்குத் தனிப் பெருமை.

பாட்டு முடிந்தபோது வாசலில் ஜுலைகா நின்றாள். ஆம்பூர்க்காரி, பள்ளி ஆசிரியை. மதிலுக்கு அப்பால் பள்ளத்துத் தெருவில் அவள் வீடு. மழைக்காலம் வந்தால் அங்கே கட்டில் மீது அடுப்பு ஏறும்.

"சுந்தரிக்கா, நகரத்துக்குப் புது பிளான் போட்டிருக்காங்க. ஏரிக்குப் போற நம்ம ஓடை அதுல இல்லவே இல்ல. மதிலைத் தாண்டி அது போற வழியில அடுக்குமாடி வரப்போவுது. இப்ப ஆட்சேபணை கேக்குறாங்க. சங்கம் வந்து பேசினா எடுபடும்."

சங்கத் தலைவர் தண்டபாணி பொங்கலை வழித்தபடியே சிரித்தார். "பிளான் போடறது கவர்மென்ட் வேலைம்மா. பெரிய இன்ஜினியரெல்லாம் உக்காந்து யோசிக்கறான். நமக்குக் கைக்கு அந்த வம்பு?" 'ஏன்' என்பதற்கு அவ்வூர் உருதுவின் 'கைக்கு' அவர் நாவில் ஊறியிருந்தது.

"மேட்டுல இருந்துக்கிட்டு நீங்க கைக்குன்னு கேக்கலாம் சார். தண்ணி எங்களை எதுவும் கேக்காமலே உள்ள வருதே!"

அச்சொல் சுந்தரியைத் தைத்தது. துணைக்கேனும் வருவதாக இசைந்தாள்.

விசாரணை நாளில், வளர்ச்சி ஆணையத்தின் திட்ட அலுவலர் அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தெலுங்கில் வினவினார்: "எங்க ஆளுங்க வந்து பார்த்தப்போ அங்கே ஒரு மதில்தான் இருந்துச்சு. ஓடைன்னா அதுக்குக் குறுக்கே யாராவது சுவர் வைப்பாங்களா?"

விடை ஜுலைகாவுக்குத் தெரியும். ஆயினும் அவள் தரையைப் பார்த்திருந்தாள். உடன் வந்தவளைச் சபையில் தலைகுனியச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மௌனத்தின் பண்பு சுந்தரியின் நெஞ்சை உருக்கியது.

"நாங்கதான் வச்சோம்," என்றாள் சுந்தரி. "ஓடை செத்துப்போச்சுன்னு நினைச்சோம். சுவரை எடுத்துடறோம் சார். அப்புறம் வந்து பாருங்க."

"எடுங்க. உங்க மனையில ஓடையைத் திறக்கறது உங்க பொறுப்பு. ஏரி வரைக்கும் அதை யாரும் மறிக்காம காக்கறது எங்க பொறுப்பு."

அன்று மாலை மண்டபம் கொதித்தது. தண்டபாணி எழுந்து நின்றே கேட்டார்: "பக்தியோட கட்டினதை இடிக்கறதா? யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தே?"

"மண்டபத்தை இல்ல சார், மதிலை. தினம் விடிகாலைல மழையை வா வான்னு பாடி அழைக்கறோம். வந்தா முகத்துல கதவைச் சாத்தறோம். இதுக்குப் பேரு பக்தியா?"

தண்டபாணி வாசலுக்குப் போய் மதிலைப் பார்த்தார். பின்னர் மேல்துண்டை இடுப்பில் வரிந்து கட்டினார். "கடப்பாறை எங்கே இருக்கு?" என்றார்.

முதற்கல்லை அவரே பெயர்த்தார். மேட்டுத்தெருவும் பள்ளத்துத்தெருவும் தோள்கொடுக்க, மதில் சரிந்தது. தூர்ந்த ஓடை கண் திறந்தது. அலுவலரும் சொன்னபடி வந்து பார்த்தார்.

ஆடியில் வானம் இடித்துப் பொழிந்தது. முன்பெல்லாம் மதிலில் மோதித் தெருவுக்குள் திரும்பி வந்த வெள்ளம், இம்முறை தன் பழைய தடம் கண்டு, நுரை பொங்க ஏரியை நோக்கி விரைந்தது. ஜுலைகாவின் அடுப்பு தரையிலேயே எரிந்தது. அதில் கிண்டிய சேமியாவுடன் அவள் மண்டபத்துக்கு வந்தபோது, அங்கே ஆணையம் திருத்தி அனுப்பிய நகர வரைபடத்தைச் சுற்றி ஒரே ஆரவாரம். அதில் ஓடை நீலக்கோடாய் நெளிந்தது, அடுக்குமாடியைக் காணோம்.

"இனிமே கைக்குன்னு கேப்பீங்களா சார்?"

"நக்கோம்மா, நக்கோ!" என்று, 'வேண்டாம்' என்பதையும் அவ்வூர் உருதுவிலேயே சொல்லிக் கும்பிட்டுச் சிரித்த தண்டபாணி, நீலக்கோட்டின்மேல் விரல் வைத்தார். "மேல உக்காந்து பிளான் போடறவன் ஊர் முழுக்கப் பாக்கணும், தெருவுல இருக்கறவன் தன் தெருவை மறைக்காம காட்டணும். இதுல யாரு ஒதுங்கினாலும் ஊரு முழுகும். அடுத்த தடவை ஆட்சேபணை சொல்லப் போறப்போ என்னையும் கூப்பிடு."