ஆணி அடித்த உயரம்

1

ஒரு ஆணியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இது ஐந்தாவது முறை. முன்பு நான்கு முறையும் ஆணி வருவதற்குள் எழுந்துவிட்டேன். தண்ணீர் குடிக்க, பீடி பற்றவைக்க, ஒரு முறை காரணமே இல்லாமல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வேம்புலி என்று ஒருவன் வருவான். அவன் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் அதற்கு மேல் கை நகரமாட்டேன் என்கிறது. வேம்புலி என்று போட்டால் கொஞ்சம் ஓடுகிறது. அங்கம்மா அங்கம்மாவேதான். தாட்சாயிணி என்று பெயர் மாற்றிப் பார்த்தேன். அந்தப் பெயரை வைத்ததும் அவள் இரும்புச் சுருள் கூடையைத் தலையில் தூக்க மறுத்துவிட்டாள்.

2

(கைவிட்ட தொடக்கங்கள். அடித்துவிட்டேன். ஆனாலும் தாளில் தெரிகிறது.)

‘பச்சைப் பசேலென்ற வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன வீடு...’

பச்சையாகத்தான் இருந்தது. அதை இப்போது என் வாயால் சொல்ல முடியாது.

‘அவளுக்கென்று யாருமில்லை...’

பொய். அவள் வீட்டுக் கூரைக்கு ஓடு அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் போனோம்.

‘அங்கம்மா வேலையை விட்டு நின்ற வருடம்...’

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

3

அங்கம்மா வேலையை விட்டு நின்ற வருடம் 1975. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேம்புலி வேலை பார்த்த பிரஸ் ஷாப், இரும்புத் தகடு அடிக்கிற பட்டறை, எழும்பியபோது ஜல்லி சுமந்தவள் அவள். கட்டி முடித்ததும் உள்ளே இரும்புச் சுருள் பெருக்கி அள்ளுகிற வேலையில் நின்றுகொண்டாள். பத்து வருடம். புருஷன் முன்பே போய்விட்டான். பிள்ளை இல்லை. திருமழிசைக்கு அப்பால், ரோட்டிலிருந்து ஒரு வயல் தள்ளி, அண்ணன் விட்டுப்போன துண்டு நிலமும் ஓடு சரிந்த வீடும் கிடந்தன. அங்கே தனியாகப் போய் இருக்கப்போகிறேன் என்றாள்.

“தனியாவா? இன்னாக்கா, வெளாடுறியா? பாம்பு கீது, திருடன் கீறான்” என்றான் வேம்புலி.

“திருடன் வந்தா அவனாண்ட நான்தான் எதுனா கேட்டு வாங்கணும் நைனா. எங்கிட்ட இன்னா கீது?”

“எங்க ஊட்டுலயே ஒரு மூலையில இரேன்.”

“பத்து வருசமா டம்மு டம்முன்னு மண்டையில அடிச்சிகினே கீது வேம்புலி. காது ஓயணும். ஒரு சத்தமும் இல்லாம கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறேன்.”

(சத்தம் இல்லாமல் என்றாள். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் சொன்னது. இருக்கட்டும்.)

4

வேம்புலி நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன். ஷிப்ட் முடிந்து யூனியன் ஆபீசில் நடந்த வகுப்பில். யார் உதவியும் இல்லாமல் அவன் முதன்முதலில் வாசித்த சொல், ஷாப் சுவரில் சிவப்பில் எழுதியிருந்த ‘அபாயம்’. பிறகு ஒவ்வொரு போர்டாக எழுத்துக் கூட்டி வாசித்தான். அவனுக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவும் விபத்தைத் தடுப்பது பற்றியது.

ஆகவே அங்கம்மாவுக்கும் ஒரு தாள் எழுதினான். ஒன்பது விதி. இருட்டில் வெளியே போனால் கையில் விளக்கும் கழியும் வேண்டும். கதவுக்கு எப்போதும் உள்தாழ். படுக்குமுன் விளக்கை அணைக்கவும். மழை நாளில் கிணற்றங்கரைக்குப் போகவேண்டாம். அங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இவன் வாசிக்க வாசிக்க, வேண்டுமென்றே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இழுத்து இழுத்துத் திருப்பிச் சொன்னாள்.

ஏழாவது விதியில்தான் வேம்புலிக்குப் பெருமை. அபாயம் என்றால் சிவப்புத் துணி.

பூந்தமல்லி பேக்கரியிலிருந்து தினமும் காலையில் ரொட்டிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருமழிசை வழியாகப் போவார் சுலைமான். அவரிடம் பேசி முடித்தான். ரோட்டில் நின்று மணி அடிக்கவேண்டும். வயலுக்கு அந்தப் பக்கம் சன்னலைப் பார்க்கவேண்டும். சன்னல் கம்பியில் சிவப்புத் துணி தொங்கினால் ஆபத்து. தொங்காவிட்டால் நன்றாக இருக்கிறாள், போகலாம்.

“துணி தெரிஞ்சா பொட்டியோட குதிச்சி ஓடியாருவேம்மா” என்றார் சுலைமான்.

“பொட்டிய வெச்சிட்டு வா பாய். பன்னு நசுங்கிடப் போவுது.”

சன்னலை ஒட்டிச் சுவரில் ஆணி அடித்து, துணியை மடித்து மாட்டினான் வேம்புலி. எலி கடிக்காமல் இருக்க, கையை நன்றாக உயர்த்தி, மேலே அடித்தான்.

“எட்டுதாக்கா?”

அங்கம்மா நுனிக்காலில் நின்று தொட்டாள். “எட்டுது, எட்டுது. எக்கினா எட்டுது.”

5

ஆணி வந்துவிட்டது. இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை.

6

ஐப்பசி மழை. ஞாயிற்றுக்கிழமை காலை வேம்புலி திருமழிசை தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கினான். அதே நேரத்துக்கு ரோட்டோரம் சைக்கிளை நிறுத்தி மணி அடித்துக்கொண்டிருந்தார் சுலைமான்.

“இன்னா பாய், அக்கா எப்பிடிகீது?”

“ஷோக்கா கீறாங்க அண்ணாத்தே. ஒரு நாளு கூடத் துணி இல்ல.”

“ஆளப் பாத்தியா?”

“மழையில யாரு வெளிய வருவா? துணிதான் இல்லியே.”

அவன் சிரித்தான். சுலைமானும் கூடவே வந்தார், ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு. கதவு உள்தாழ் போட்டிருந்தது. இரண்டாம் விதி. இரண்டு பேருமாகத் தோளால் இடித்துத்

கதவை இடித்து உள்ளே போனபோது, சன்னலுக்குக் கீழே

அங்கம்மா இறந்திருந்தாள். நேராகவே எழுதிவிட்டேன். அடுப்பண்டை ஓடு ஒழுகித் தரை ஈரமாகியிருந்தது. அங்கே வழுக்கி இடுப்பு போயிருக்கிறது. அங்கிருந்து சன்னல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தினமும் தாள் கிழிப்பாள். காலண்டரில் புதன்கிழமை நின்றது.

துணி ஆணியில் இருந்தது. நான் மடித்த மடிப்புக் கலையவில்லை. அதற்குக் கீழே, சுண்ணாம்பு அடித்த சுவரில் விரல் தடங்கள். தரையிலிருந்து இரண்டு முழ உயரம். அதற்கு மேல் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

(வேம்புலி என்று எழுதிக்கொண்டு வந்தவன் ‘நான் மடித்த’ என்று எழுதிவிட்டேன். திருத்தவில்லை.)

7

வேம்புலி முட்டாளா? கதாபாத்திரத்தின் மேல் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் எழுதுகிறவன் தீர்த்துவைக்கவேண்டும். எங்கள் ஷாப்பில் விபத்து என்றால் ஏற்றுகிற சிவப்புக் கொடி பத்து வருடம் பிசகாமல் வேலை செய்தது.* ஆகையால் வயலுக்கு நடுவிலும் செய்யும் என்று நினைத்தான்.

* பிரஸ்ஸில் கை போனவன் கொடி ஏற்றமாட்டான். பக்கத்து மெஷின்காரன் ஓடிவந்து ஏற்றுவான். போர்டில் இதை எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று விட்டிருப்பார்கள். அங்கம்மாவுக்குப் பக்கத்து மெஷின் கிடையாது.

8

வேறு முடிவு ஒன்று எழுதினேன். அதில் ஏழாம் விதியைத் திருப்பிப் போட்டேன். நன்றாக இருக்கும் நாளெல்லாம் அவளே துணியைக் கட்டவேண்டும். துணி இல்லாத காலையில் சுலைமான் இறங்கவேண்டும். அவ்வளவுதான் மாற்றம். அதே துணி, அதே சன்னல்.

வியாழக்கிழமை சன்னல் வெறுமையாக இருக்கிறது. சுலைமான் சேற்றில் ஓடிவருகிறார்.

“இன்னாம்மா, துணி காணோம்?”

“இடுப்பு போச்சு பாய். மொதல்ல தண்ணி குடு. அப்பால அந்த வேம்புலிய இட்டுகினு வா. தலையில நறுக்குன்னு ஒரு கொட்டு வெக்கணும் அவனுக்கு.”

இதை எழுதிய அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. சுலைமானுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

“நல்லாகீது அண்ணாத்தே. ஆனா நா மணி அடிச்சேனே.”

தாளைக் கீழே இறக்கினேன்.

“வியாயன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாளும் அடிச்சேன். அவங்க காதுல வுயுந்துருக்கும்தானே? அடிச்சிட்டுப் போயிட்டேனே.”

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். சுலைமானின் சைக்கிளில் இப்போது மணி இல்லை.

9

ஒன்பது விதி எழுதியதால் ஒன்பது பகுதி. இதற்கு மேல் என்னிடம் தாளும் இல்லை, முடிவும் இல்லை. கடைசி வாக்கியத்தைப் பல முறை தொடங்கிவிட்டேன்.

‘அங்கம்மா கையை உயர்த்தினாள். ஆணி

அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எந்த உயரத்தில் வேண்டுமானாலும் அடியுங்கள், நான் கேட்கமாட்டேன். அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை தரையில் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பாருங்கள்.